பங்குக் கணக்கில் பணம்: திருச்சியில் நேரில் முடித்த வேலைகள்

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்ப் பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர்களுக்கு, எந்தப் பங்கை வாங்குவது என்பதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. பணத்தை எந்தக் கணக்கு வழியாக உள்ளே அனுப்புவது, பிறகு எப்படி வெளியே எடுப்பது? சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு மின்னஞ்சலில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். அதனால் இந்த முறை திருச்சிக்குப் போனபோது வங்கி, புரோக்கர் அலுவலகம் இரண்டிலும் நேரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு வந்தேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. இந்தியாவை விட்டு வேலைக்குக் கிளம்பியதும் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிட வேண்டும் என்பது ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதி. என்ஆர்ஓ, என்ஆர்இ இரண்டும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்குகள். வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்ஆர்இ. ஊரில் வரும் வாடகை, டிவிடெண்ட், பரம்பரைச் சொத்து விற்ற பணம் போன்றவற்றுக்கு என்ஆர்ஓ. என்ஆர்இயில் கிடக்கும் பணத்தை எப்போது வேண்டுமானாலும் தடையில்லாமல் வெளியே கொண்டுபோகலாம், வட்டிக்கும் இந்தியாவில் வரி கிடையாது. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் டிடிஎஸ்ஸாக, அதாவது வட்டி தரும்போதே வரியாக, பிடிப்பார்கள். அதிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், ஆனால் ஆடிட்டர் சான்றும் வருமான வரிப் படிவமும் வேண்டும். என்ஆர்இயிலிருந்து என்ஆர்ஓவுக்குப் பணம் மாற்றுவது எளிது. திரும்ப என்ஆர்இக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அந்தக் காகித வேலை எல்லாம் உண்டு.

பங்குக் கணக்கிலும் இதே பிரிவுதான். என்ஆர்இ பணத்தில் வாங்கிய பங்கை விற்றால், வரி போக மிச்சம் என்ஆர்இக்கே வரும். என்ஆர்ஓ பணத்தில் வாங்கியது என்ஆர்ஓவுக்கே வரும். பணம் எந்த வாசல் வழியாக உள்ளே போனதோ அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வரும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. சிங்கப்பூர்ச் சம்பளத்தைக் கொண்டுபோய் என்ஆர்ஓவில் போட்டுப் பங்கு வாங்குகிறவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். வட்டியிலும் வரி, எடுக்கும்போதும் காகிதம். வேண்டாம்.

எனக்கு இந்தப் பயணத்தில் இருந்த வேலை மூன்று: ஊரில் இருந்த காலத்தில் வாங்கிய பங்குகளைப் புதிய என்ஆர்ஓ டீமேட்டுக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) மாற்றுவது, என்ஆர்இ வழியாகப் பங்கு வாங்க பிஐஎஸ் (வெளிநாடுவாழ் இந்தியர் பங்குச் சந்தையில் முதலீடு செய்வதற்கான ரிசர்வ் வங்கித் திட்டம்) அனுமதிக்கு விண்ணப்பிப்பது, புரோக்கரிடம் பங்கு வாங்கி விற்க வைத்திருந்த பழைய டிரேடிங் கணக்கில் கிடந்த ரொக்க இருப்பை எடுத்துக் கணக்கை மூடுவது.

தில்லைநகரில் இருக்கும் புரோக்கர் கிளைக்குக் காலையில் போனேன். சின்ன அலுவலகம்தான், ஆனால் அங்கே இருந்த பெண்மணிக்கு விஷயம் முழுவதும் தெரிந்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெரியவர், லால்குடிப் பக்கம் என்று நினைக்கிறேன், மஞ்சள் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளை எடுத்து மேசை மேல் வைத்தார். மகன் குவைத்தில் இருக்கிறானாம். அவன் கணக்கில் போட வேண்டுமாம்.

"ஐயா, கேஷ் வாங்க மாட்டோம்ங்க. உங்க பையன் பேர்ல இருக்கிற பேங்க் அக்கவுண்ட்ல இருந்துதான் வரணும்."

"நான் அவன் அப்பாதானே தாயி?"

"அப்பாவா இருந்தாலும் சட்டம் விடாதுங்க ஐயா. நீங்க போட்டாலும் அது உங்களுக்கே திரும்பி வந்துடும்."

அந்தப் பெண்மணி அதோடு விடவில்லை. ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டுக் காட்டினார். பெரியவரின் சேமிப்புக் கணக்கு, மகனின் என்ஆர்ஓ கணக்கு, மகனின் டிரேடிங் கணக்கு. பணத்தை முதலில் தன் கணக்கில் போட்டு, அங்கிருந்து மகனின் என்ஆர்ஓவுக்கு அன்பளிப்பாக மாற்றலாம். நெருங்கிய உறவுக்குள் அதற்கு இடம் உண்டு. என்ஆர்ஓவிலிருந்து மகன் தன் கையால் டிரேடிங் கணக்குக்கு அனுப்ப வேண்டும். பெரியவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாட்ஸாப்பில் மகனுக்கு அனுப்பச் சொல்லிப் பக்கத்தில் இருந்த பையனிடம் போனை நீட்டினார். கவுன்டரில் இப்படி நிதானமாக விளக்குகிறவர்கள் இருந்தால் எத்தனை பேருடைய அலைச்சல் குறையும்!

அந்த விதி கெடுபிடியாகத் தெரியலாம், ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. அடுத்தவர் பணம் ஒருவர் கணக்கில் புகுந்தால் அது யாருடையது என்ற வழக்கு வரும். புரோக்கரிடம் பதிவு செய்த வங்கிக் கணக்கிலிருந்து மட்டும் பணம் ஏறும், எடுக்கும்போதும் அங்கேதான் இறங்கும். இரண்டாவது வங்கிக் கணக்கைச் சேர்க்க வேண்டுமென்றால் கேன்சல் செய்த செக் ஒன்று போதும், அதில் பெயர் அச்சாகி இருக்க வேண்டும். யுபிஐயில் அனுப்பினாலும் இதே சோதனைதான். 2023 முதல் சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், கனடா உள்ளிட்ட பத்து நாடுகளின் கைபேசி எண்ணை வைத்தே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு யுபிஐ எடுக்கலாம் என்று அனுமதி வந்தது. எல்லா வங்கியும் இன்னும் கொடுக்கவில்லை. உங்கள் வங்கி கொடுக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ரொக்கத்தைப் பற்றி இன்னொன்று. ஊருக்கு வரும்போது கையில் கொண்டுவரும் வெளிநாட்டு நோட்டுகளை நேரில் போய் என்ஆர்இயில் கட்டலாம். நோட்டாக 5,000 டாலருக்கு மேல், அல்லது மொத்தமாக 10,000 டாலர் மதிப்புக்கு மேல் இருந்தால் விமான நிலையத்திலேயே சுங்கத்தில் படிவம் நிரப்பி அறிவித்திருக்க வேண்டும், வங்கி அதைக் கேட்கும். ஊரில் மாற்றிய ரூபாய் நோட்டை என்ஆர்இயில் போட முடியாது. நகைக்கடை வாசலில் டாலரை மாற்றிவிட்டு ரூபாயோடு வங்கிக்குப் போகிறவர்கள் திரும்பித்தான் வர வேண்டும்.

அடுத்து, டிரேடிங் கணக்கில் சும்மா கிடக்கும் பணம். எல்லாரும் கவனிக்க வேண்டியது என்று நான் நினைப்பது இதைத்தான். பங்கு வாங்கலாம் என்று ஒரு தொகையைப் போட்டுவைப்போம். சந்தை இறங்கட்டும் என்று காத்திருப்போம். புரோக்கரிடம் கிடக்கும் அந்தப் பணத்துக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. வங்கி வைப்புக்கு இருப்பதுபோல் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடும் கிடையாது. 2019 நவம்பரில் கார்வி என்ற புரோக்கர் நிறுவனத்தின் விவகாரம் வெடித்தபோது, வாடிக்கையாளர் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியதாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நடவடிக்கை எடுத்ததை எல்லாரும் படித்திருப்போம். அதற்குப் பிறகு விதிகள் நிறைய இறுகின. இப்போது வாடிக்கையாளர் பணத்தைப் புரோக்கர் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. 2023இல் வந்த செபி உத்தரவின்படி நாள் முடிவில் அதை, சந்தையின் பட்டுவாடாவை முடித்துத் தரும் கிளியரிங் கார்ப்பரேஷனிடம் ஒப்படைக்க வேண்டும். அது போக, பயன்படுத்தாத பணத்தை மாதத்துக்கு ஒரு முறையோ காலாண்டுக்கு ஒரு முறையோ, முதல் வெள்ளிக்கிழமையை ஒட்டி, நம் வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். மாதமா காலாண்டா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் மாதம் என்று எழுதிக் கொடுத்தேன்.

துபாயில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வருடம் பதறிப்போய்ப் பேசினார். டிரேடிங் கணக்கில் போட்ட பணத்தைக் காணோம் என்றார். வங்கிக் கணக்கைப் பாருங்கள் என்றேன். காலாண்டு முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. இந்த நடைமுறையைக் கணக்குத் திறக்கும்போதே யாராவது இரண்டு வரியில் சொல்லியிருந்தால் அவருக்கு அந்தப் பதற்றம் வந்திருக்காது.

சரி, இருப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? புரோக்கர் செயலியில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை. நம் பணம் எவ்வளவு, பங்கு எவ்வளவு என்று புரோக்கர் சந்தைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தேசியப் பங்குச் சந்தையே நமக்குக் குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் அனுப்புகிறது. "உங்கள் புரோக்கர் காட்டிய பண இருப்பு இவ்வளவு" என்று வரும். அதைப் புரோக்கரிடம் உள்ள நம் வரவு செலவுக் கணக்கான லெட்ஜரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். விளம்பரச் செய்தி என்று நினைத்து நம்மில் பல பேர் அழித்துவிடுகிறோம். இந்தியக் கைபேசி எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டவர்களுக்கு அது வந்தே சேராது. எண் வேறு யார் கைக்காவது போய்விட்டால் ஓடிபியும் அவர்களுக்குத்தான் போகும். அதனால் கவுன்டரிலேயே சிங்கப்பூர் எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவு செய்யச் சொன்னேன். டீமேட், டிரேடிங், வங்கி மூன்றிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும், ஒரு இடத்தில் மாற்றினால் மற்றதில் மாறாது.

பழைய டீமேட்டை மூடுவதற்குப் புதிய கணக்கின் சிஎம்ஆர் என்ற தாள் வேண்டும். அது கணக்கு விவரம் அடங்கிய ஒரு பக்கம், முத்திரையும் கையெழுத்தும் இருக்க வேண்டும். பெயரும் பான் எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பங்குகளை அப்படியே மாற்றி, பழையதை மூடிவிடுவார்கள். மூடுவதற்கு முன் லெட்ஜரில் மைனஸ் இருக்கக் கூடாது. ஆண்டுக் கட்டணம் பிடித்துப் பிடித்துச் சிலருக்கு அது மைனஸில் போய், அதன் மேல் வட்டியும் ஏறியிருக்கும். அதைக் கட்டினால்தான் விண்ணப்பம் நகரும். பான் எண்ணும் உயிரோடு இருக்க வேண்டும். ஆதாருடன் இணைக்கவில்லை என்று 2023 ஜூனுக்குப் பிறகு பல வெளிநாட்டு இந்தியர்களின் பான் செயலிழந்தது. வெளிநாடுவாழ் இந்தியருக்கு அந்த இணைப்பு கட்டாயமில்லை, ஆனால் வருமான வரித்துறைப் பதிவில் நம் நிலை 'வெளிநாடுவாழ்' என்று இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே வலைத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

வங்கியில்தான் அலைச்சல். பிஐஎஸ் விண்ணப்பம் இந்தக் கிளையில் வாங்க மாட்டோம், கன்டோன்மென்டுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால், படிவம் வாங்கிக்கொள்கிறோம், ஆனால் பரிசீலிப்பது மும்பையில் என்றார்கள். அந்தப் பதிலை முதல் கிளையே சொல்லியிருக்கலாம். வெயிலில் ஆட்டோவில் அலைந்ததைவிட, எங்கே என்ன நடக்கிறது என்று கிளையில் இருப்பவர்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறோம், அதுவும் குறைந்த விடுமுறையில். கன்டோன்மென்ட் கிளை உதவி மேலாளர் மட்டும் நன்றாகக் கவனித்தார். பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை, சிங்கப்பூர் முகவரிச் சான்று ஆகியவற்றின் அசலைப் பார்த்துத் தானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். இதையே சிங்கப்பூரில் செய்ய வேண்டுமென்றால் இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ போய் நிற்க வேண்டும். நேரில் வந்ததில் பெரிய லாபம் இதுதான்.

பிஐஎஸ் ஒரே வங்கியில்தான் வைத்துக்கொள்ளலாம். அதில் வாங்குவது விற்பது எல்லாவற்றையும் வங்கி ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கும். என்ஆர்ஓ பணத்தில் திருப்பி எடுக்க முடியாத வகையில் வாங்குவதற்கு இது தேவையில்லை. இரண்டிலுமே நாம் வாங்கிய அன்றே விற்கும் வியாபாரம் செய்ய முடியாது, டெலிவரி எடுத்துத்தான் விற்க வேண்டும்.

விற்ற பணம் வரும் நேரத்தையும் கேட்டுக்கொண்டேன். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் மறுநாளே பட்டுவாடா என்பது நடைமுறை, திங்கட்கிழமை விற்றால் செவ்வாய்க்கிழமை பணம். நமக்கு மட்டும் இடையில் வரிப் பிடித்தம் உண்டு. 2024 ஜூலை 23 முதல் ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், செஸ் தனி. நீண்டகால லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு விலக்கு இருக்கிறது. அதையும் தாண்டிப் பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அதற்கு வாங்கிய தேதி, விலை எல்லாம் கையில் இருக்க வேண்டும். டீமேட் மாற்றினால் பழைய வாங்கிய விலை புதிய கணக்கின் திரையில் தானாக வராது. பழைய கணக்கை மூடுவதற்கு முன்பே கான்ட்ராக்ட் நோட்டுகளையும் (வாங்கியது, விற்றது பற்றிப் புரோக்கர் தரும் சீட்டு) லெட்ஜரையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள், மூடிய பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி 14 அல்லது 15 தொடங்கி மூன்று நாள் பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாளுக்குத் தமிழ்நாட்டில் வங்கிகள் மூடியிருக்கும். மும்பையில் சந்தை வழக்கமாக நடந்துகொண்டிருக்கும். பங்கை விற்கலாம், ஆனால் படிவம் கொடுக்க ஆள் இருக்காது. அந்த வாரத்துக்கு முன்போ பின்போ இரண்டு வேலைநாள் இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமையும் வங்கி கிடையாது.

நான் கிளம்புவதற்குள் டீமேட் மாற்றல் முடிந்துவிட்டது. பழைய கணக்கின் ரொக்க இருப்பும் என்ஆர்ஓவுக்கு வந்துவிட்டது. பிஐஎஸ் அனுமதிக் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை. உதவி மேலாளர் கொடுத்த ரசீது எண்ணை வைத்து மும்பை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். கடிதம் வரும்வரை என்ஆர்இ பணம் வங்கியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.