இணைப்புக்குக் கீழே தேங்கிய கசடு: ஓர் எண்டோஸ்கோபிப் பிரிவின் சேவை குறித்து

கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் செல்லும் குழாயான பித்தநாளத்தில் கற்கள் அடைத்துக்கொண்டதால், 11 ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்கு அந்த நாளத்தைச் சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்துடன் பக்கவாட்டில் இணைக்கும் மாற்றுவழி அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் நலமாக இருந்தவருக்குக் கடந்த ஆண்டு வலது மேல்வயிற்றில் வலியும் நடுக்கத்துடன் கூடிய காய்ச்சலும் விட்டுவிட்டு வரத் தொடங்கின. முதலில் நாங்கள் போன மருத்துவமனையில் 7 மாதங்கள் வாயுக்கோளாறு என்றே மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாட்டிக் தருவார்கள். அடங்கும், சில வாரங்களில் மறுபடியும் வரும். கண் மஞ்சளானபிறகே வேறிடம் தேடினோம். நான் எழுதுவது அந்த இரண்டாவது மருத்துவமனையின் எண்டோஸ்கோபிப் பிரிவைப் பற்றி.

அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "அம்மா, பழைய ஆபரேஷன் குறிப்பு கையில் இருக்கிறதா?" என்பதுதான். மடிப்பு கிழிந்திருந்த அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்த பிறகே ஸ்கேனைக் கையில் எடுத்தார். பித்தநாளத்தில் காற்று தெரிகிறது என்று முந்தைய அறிக்கையில் எழுதியிருந்தது எங்களைப் பல நாள் கலங்க வைத்திருந்தது. இத்தகைய இணைப்பு உள்ளவர்களிடம் குடலிலிருந்து காற்று மேலேறுவது எதிர்பார்க்கக்கூடியதே என்றும், இணைப்பு திறந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம் என்றும் அவர் விளக்கியபோது பாதி பயம் தெளிந்தது.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் படம் வரைந்தார். பித்தம் புதிய இணைப்பின் வழியாகவே குடலுக்குப் போய்விடுவதால், அதற்குக் கீழே எஞ்சியிருக்கும் பித்தநாளத் துண்டில் ஓட்டம் குறைந்துவிடுகிறது. சம்ப் தொட்டியின் அடியில் மண்டி சேர்வதுபோல, குடலிலிருந்து ஏறி வரும் உணவுத் துணுக்குகளும் சிறு கற்களும் அங்கே தேங்கிக் கிருமி வளர இடம் கொடுக்கின்றன. இதற்குச் சம்ப் சின்ட்ரோம் என்றே பெயர். இது அரிது, ஆனால் அறுவைச் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரலாம், கவனிக்காமல் விட்டால் பித்தநாளத் தொற்று, கல்லீரலில் சீழ்க்கட்டி, கணைய அழற்சி வரை போகலாம் என்றார். பித்தநாளங்களைக் காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும் அதையே காட்டியது.

தீர்வு ஈ.ஆர்.சி.பி. முறையில் நடந்தது. வாய்வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயைச் செலுத்தி, பித்தநாளம் குடலில் திறக்கும் இயல்பான வாயிலைச் சற்று வெட்டி அகலப்படுத்தினார்கள். 1970-கள் முதல் செய்யப்பட்டுவரும் இந்த வெட்டினால், கீழ்த் துண்டில் தேங்குவது தானாகவே குடலுக்கு வடிந்துவிடுகிறது. பலூனாலும் சிறு கம்பிக்கூடையாலும் உள்ளே இருந்ததை இழுத்து வெளியேற்றிய படங்களைப் பின்னர் எங்களிடம் காட்டினார்கள். பச்சையும் பழுப்புமாகக் குழைந்த சேறு, அதன் நடுவே நன்றாகவே அடையாளம் தெரிந்த ஒரு தக்காளித் தோல். இத்தனை மாதம் அம்மாவை வாட்டியது இதுவா என்று நான் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணைய அழற்சி, இரத்தக்கசிவு, குடலில் துளை ஆகிய ஆபத்துகளை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே நிதானமாகச் சொன்னார்கள். இதிலும் சரியாகாவிட்டால் இணைப்பைப் பிரித்துச் சிறுகுடலின் வேறொரு வளையத்துடன் பித்தநாளத்தை இணைக்கும் பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதையும் மறைக்கவில்லை. செவிலியர்களின் கவனிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை என்றால், வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளைத்தான் சொல்வேன். மாத்திரைப் பட்டியல் இருந்தது. எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. வாயால் சொன்னது அந்த நேரத்துப் பதற்றத்தில் பாதிதான் நினைவில் நின்றது. நடுக்கத்துடன் காய்ச்சல், கண் மஞ்சளாதல், முதுகுக்குப் பாயும் கடும் வலி, கறுத்த மலம் ஆகிய நான்கையும் மறுபரிசோதனைக்குப் போனபோது கேட்டு, மருத்துவர் கையாலேயே அந்தத் தாளின் பின்புறம் எழுதி வாங்கினேன். அந்தத் தாளும் அவர் வரைந்த படமும் இப்போது அம்மாவின் பழைய ஆபரேஷன் குறிப்போடு ஒரே உறையில் இருக்கின்றன.