ரெண்டு பேருக்கும் சம்மதம்தான், ஆனா எந்த வழியில பிரியறது? பத்திரம், எக்ஸ்பார்ட்டி, 13பி ஒரு அலசல்

"சண்டையே இல்ல, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாச்சு, அப்புறம் கோர்ட்டு எதுக்கு"ன்னு எங்க வீட்ல கேக்காத ஆள் இல்ல. நானும் அவரும் பிரியறதுன்னு பேசி முடிச்ச வாரத்துலயே ஆளாளுக்கு ஒரு வழி சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, அத்தை ஒண்ணு, மாமா ஒண்ணு, முதல்ல போய் பாத்த வக்கீல் ஒண்ணு. எல்லாத்தையும் நோண்டிப் பாத்துட்டுதான் கடைசில 13பி-ல, அதாவது ரெண்டு பேர் சம்மதத்தோட கோர்ட்ல வாங்கற விவாகரத்துல, போனோம். நான் சொல்றது இந்து திருமணச் சட்டத்துல வர்றவங்களுக்கு. ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல ரிஜிஸ்டர் பண்ணவங்களுக்கு 28-வது பிரிவு, கால கணக்கு அதேதான். கிறிஸ்தவங்களுக்கு அவங்க விவாகரத்துச் சட்டத்துல 10ஏ இருக்கு, முஸ்லிம்களுக்கு முபாரத்னு தனி வழி, அதுக்குள்ள போனா இன்னொரு பதிவு எழுதணும்.

மொதல்ல எல்லாருக்கும் புடிச்ச வழி, விடுதலைப் பத்திரம். பெரியவங்க நாலு பேர் உக்காந்து, பத்திரத்தாள்ல "இனி ஒருத்தருக்கொருத்தர் எந்த சம்பந்தமும் இல்ல"ன்னு எழுதி, கையெழுத்து, நோட்டரி சீல், ஒரே நாள்ல முடிஞ்சுரும். எங்க பெரியப்பா பொண்ணு அப்படித்தான் பிரிஞ்சா. அந்தப் பத்திரத்த லேமினேட் வேற பண்ணி பீரோல வெச்சிருந்தா பாவம். பல வருஷம் கழிச்சு பாஸ்போர்ட்டுல புருஷன் பேர எடுக்கப் போனப்ப "டிக்ரி எங்கம்மா"ன்னு, அதாவது கோர்ட் தீர்ப்பு எங்கன்னு, கேட்டாங்க, அப்பதான் தெரிஞ்சுது சட்டப்படி அவ இன்னும் அந்தாளோட பொண்டாட்டிதான்னு. சில சமூகங்கள்ல வழக்கப்படி தீத்துக்கிற முறைய 29(2) பிரிவு காப்பாத்துதுங்கறது உண்மை, ஆனா அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு கோர்ட்ல சொல்லி நிரூபிக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2002-லயே சொல்லிருச்சு, பத்திரம் மட்டும் காட்டினா போதாது. அத நம்பி மறுகல்யாணம் பண்ணா பழைய இந்திய தண்டனைச் சட்டம் 494, இப்ப பிஎன்எஸ்னு வந்திருக்கிற புதுச் சட்டத்துல 82, 7 வருஷம் வரைக்கும் ஜெயில். செலவு கம்மின்னு இந்த வழிய சொல்றவங்க இதையும் சேத்து சொல்லணும்ல?

அடுத்தது எதுவுமே பண்ணாம தனித்தனியா இருந்துக்கறது. காசு செலவில்ல, ஊருக்கும் பதில் சொல்ல வேணாம். ஆனா ஒருத்தர் உயில் எழுதாம போய்ச் சேந்தா மத்தவர்தான் முதல் வரிசை வாரிசுல ஒருத்தர், பேங்க்ல இருந்து வீடு வரைக்கும் அப்படியே. இதையே கோர்ட் மூலமா பண்றது 10-வது பிரிவு, ஜுடிஷியல் செபரேஷன், அதுலயும் கல்யாணம் உயிரோடதான் இருக்கும். மனசு மாறுமான்னு சந்தேகத்துல இருக்கறவங்களுக்கு சரி, முடிவெடுத்தவங்களுக்கு இது வெயிட்டிங் ரூம் மாதிரி.

மூணாவது, எனக்கு அந்த முதல் வக்கீல் சொன்னது. "13பி-ன்னா ஆறு மாசம் காத்திருக்கணும்மா, நீங்க கொடுமைன்னு ஒரு கேஸ் போடுங்க, அவர் வராம இருக்கட்டும், எக்ஸ்பார்ட்டில வாங்கிரலாம்". எக்ஸ்பார்ட்டின்னா எதிர்த்தரப்பு வராததால ஒருதலையா வர்ற தீர்ப்பு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து யோசிச்சா, அவர் என்னை ஒரு நாள் கை நீட்டினதில்ல, நான் எத எழுதறது? சட்டத்துலயும் ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு போடற பொய் கேஸுக்கு 23-வது பிரிவுல நேரடியா தடை இருக்கு. அதுக்கும் மேல, எக்ஸ்பார்ட்டி டிக்ரிய "எனக்கு சம்மனே வரல"ன்னு சொல்லி பின்னாடி ரத்து பண்ணக் கேக்க முடியும், நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணிட்டு இருக்கிற நேரத்துல அப்படி ஒரு மனு வந்தா என்ன பண்ணுவீங்க. அந்தக் கொடுமைக் கதை வேற பேப்பர்ல நிரந்தரமா இருக்கும், நாளைக்கு பையன் எடுத்துப் படிக்கலாம். ஃபீஸக் குடுத்துட்டு அந்த ஆபீஸ் பக்கமே நான் போகல.

மிச்சம் 13பி. 1976 திருத்தத்துல வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கணும், ஒரு வருஷமாவது பிரிஞ்சு இருந்திருக்கணும், ரெண்டு பேரும் சேந்து ஒரே மனுல கையெழுத்து. பிரிஞ்சு இருக்கறதுன்னா வேற வேற வீடுன்னு அர்த்தம் இல்ல, புருஷன் பொண்டாட்டியா வாழலன்னா போதும்னு 1991-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, நாங்களே கீழ நான் மாடில அவர்னு ஒன்றரை வருஷம் இருந்தோம், பால்காரருக்குக்கூட தெரியாது. குடும்ப நீதிமன்றம் இருக்கிற ஊர்ல அங்க, இல்லாத ஊர்ல சப் கோர்ட்ல எச்எம்ஓபின்னு, அதாவது இந்து திருமண மனுவா, போடணும். கல்யாணம் நடந்த ஊரு, கடைசியா ஒண்ணா இருந்த ஊரு, பொண்டாட்டி இப்ப இருக்கிற ஊரு, இதுல எது வசதியோ அங்க போடலாம். மனு போட்டு ரெண்டு பேரும் முதல் தடவ சம்மதம் சொல்றது முதல் மோஷன், மனு போட்ட நாள்ல இருந்து 6 மாசத்துக்கு அப்புறம், 18 மாசத்துக்குள்ள, திரும்பவும் வந்து சொல்றது ரெண்டாவது மோஷன்.

இந்த 6 மாசத்துலதான் எல்லாருக்கும் கண்ணு. 2017-ல அமர்தீப் சிங் கேஸ்ல அது கட்டாயம் இல்ல, தள்ளுபடி பண்ணலாம்னு தீர்ப்பு வந்துச்சு, முதல் மோஷன் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சே அதுக்கு மனு போடலாம். ஆனா மனு போடறதுக்கு முன்னாடியே ஒன்றரை வருஷம் பிரிஞ்சிருக்கணும், சமரசத்துக்கு வழியில்லன்னு ஆகியிருக்கணும், ஜீவனாம்சம் குழந்தை எல்லாம் பேசி முடிச்சிருக்கணும்னு அதுல கணக்கு இருக்கு, ஜட்ஜ் விருப்பமும் இருக்கு. 2023-ல அரசியலமைப்போட 142-வது பிரிவுல தீர்ப்பு வந்தப்ப "இனி உடனே டைவர்ஸ்"னு வாட்ஸ்அப்ல ஓடுச்சே, அது சுப்ரீம் கோர்ட்டோட தனி அதிகாரம், நாம நேரா போய் நிக்க முடியாது.

நாங்க தள்ளுபடி கேக்கல. கேட்டிருந்தா கிடைச்சிருக்கும்னுதான் நினைக்கிறேன், ஆனா அந்த ஆறு மாசம் இல்லன்னா நாங்க மாட்டியிருப்போம். ஏன்னா எங்க மனுல "எல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டோம்"னு ஒரே வரிதான் இருந்துச்சு. கோர்ட் கவுன்சிலிங்ல இருந்த அம்மா "என்ன தீத்துக்கிட்டீங்க, லிஸ்ட் காட்டுங்க"ன்னு கேட்டப்பதான் முழிச்சோம். அப்புறம் உக்காந்து எழுதினோம். நகை யார்கிட்ட எவ்வளவு, சீர் பாத்திரம், வெட் கிரைண்டர் (சிரிக்காதீங்க, அதுக்கு மூணு வாரம் ஆச்சு, அவங்கம்மா விடல), பையன் யார்கூட, எந்தெந்த ஞாயித்துக்கிழம. பையனோட பாஸ்போர்ட்டுக்கு ரெண்டு பேர் சம்மதமும் கேப்பாங்கறதால அதையும் ஒரு வரில எழுதி வாங்கிட்டேன். ஸ்கூல் ஃபீஸ் பாதிப் பாதின்னு எழுதினோம், வேன் ஃபீஸ மறந்துட்டோம், இன்னைக்கும் மாசாமாசம் அதுக்கு ஒரு மெசேஜ் போகுது. நான் எனக்கு ஜீவனாம்சம் வேணாம்னு எழுதிக் குடுத்தேன், பையனுக்கு வர வேண்டியத அம்மாக்காரி வேணாம்னு எழுத முடியாது, அது அவனோட உரிமை.

வீட்டுக் கடன் ரெண்டு பேர் பேர்ல இருந்தா இன்னும் கவனம் வேணும், கோர்ட்ல "இனி இஎம்ஐ அவர் கட்டுவார்"னு எழுதினாலும் பேங்க்குக்கு அது சம்பந்தமில்ல, உங்க பேர எடுக்கற வரைக்கும் உங்களயும் புடிப்பாங்க. வீட்ட மாத்தி எழுதறதுலயும் ஒரு இழுபறி இருக்கு. டிக்ரிக்கு முன்னாடி புருஷன் பொண்டாட்டியா இருக்கும்போதே செட்டில்மென்ட் பத்திரம் போட்டா குடும்பத்துக்குள்ள மாத்தறதுக்கான முத்திரைக் கட்டணச் சலுகை கிடைக்கும். ஆனா எழுதிக் குடுத்தப்புறம் அந்தப் பக்கம் பின்வாங்கினா? பின்வாங்கலாம், ரெண்டாவது மோஷன் வரைக்கும் யார் வேணா சம்மதத்த வாபஸ் வாங்கிக்கலாம், அதுவும் அந்த 1991 தீர்ப்புதான். அதனால பணத்த பிரிச்சு வெக்கிறது நல்லது, கொஞ்சம் முதல் மோஷன்ல, மிச்சம் கடைசி நாள்ல ஜட்ஜ் முன்னாடி டிடியா. போலீஸ்ல 498ஏ (புருஷன் வீட்டுக் கொடுமை, இப்ப பிஎன்எஸ் 85) மாதிரி கேஸ் ஏதாவது இருந்தா அத ஹைகோர்ட்ல ரத்து பண்றதுக்கு யார் கையெழுத்து எப்பன்னும் எழுதிக்கணும், வெறும் டிக்ரி வந்தா அந்தக் கேஸ் தானா சாகாது.

வக்கீல் வேணுமான்னா, குடும்ப நீதிமன்றச் சட்டம் 13-வது பிரிவுப்படி வக்கீல் வெச்சு வாதாடறது உரிமையே இல்ல, கோர்ட் அனுமதிச்சாதான், அதனால நாமளே நிக்கலாம். சொத்து குழந்தை ஒண்ணும் இல்லாதவங்க தாராளமா தானே போகலாம். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு மனு எழுதவாவது ஒருத்தர் வேணும், ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல்னா ஒப்பந்தத்த மட்டுமாவது வெளிய இன்னொருத்தர்கிட்ட காட்டிருங்க.

கடைசி நாள் காலைல பத்தரைக்குப் போய் உக்காந்தோம், பேர் கூப்பிடறப்ப மணி ஒண்ணேகால். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?" "இல்லீங்கய்யா." அவர்கிட்டயும் அதே கேள்வி. பிளாஸ்டிக் கவர்ல இருந்து டிடிய எடுத்து நீட்டினார், வாங்கி நம்பர் பாத்து கையெழுத்துப் போட்டேன், மொத்தமே அஞ்சு நிமிஷம். வெளிய வந்ததும் சர்டிஃபைடு காப்பிக்கு மனு போட்டேன், மூணு காப்பி, பேங்க்ல ஒண்ண வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அவர் கிரைண்டர எப்ப எடுத்துக்கறன்னு கேட்டார், சனிக்கிழமன்னு சொன்னேன்.