டீலர் சொன்ன குறையும் ஜிரா டிக்கெட்டும்: நடுவில் எந்த இணைப்பு மென்பொருள்?

கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் பம்பு செய்யும் தொழிற்கூடங்களில், ஒரு காலத்தில் வாடிக்கையாளர் குறை என்றால் காயில் எரிந்தது, பேரிங் போனது, சீல் ஒழுகியது என்று நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். இன்று அதே மோட்டாருக்குத் தோட்டத்து ஷெட்டில் மாட்டப்படும், கைபேசியிலிருந்தே மோட்டாரை இயக்க உதவும் மொபைல் ஸ்டார்ட்டருக்குள் சிம் கார்டும் மென்பொருளும் இருப்பதால், 'மும்முனை மின்சாரம் வந்த பிறகும் மோட்டார் தானாக ஓடவில்லை' என்று தாராபுரத்து டீலர் தெரிவிக்கும் குறை சர்வீஸ் பிரிவோடு நிற்காமல் மென்பொருள் எழுதுபவரின் மேசை வரை போக வேண்டியிருக்கிறது. நான் வேலை செய்யும் நிறுவனத்தில் டீலர்களின் விவரங்கள் ஜோஹோ சிஆர்எம் என்ற வாடிக்கையாளர் பதிவு மென்பொருளில் இருக்கின்றன. மென்பொருள் குழுவின் வேலை முழுவதும், ஒவ்வொரு வேலையையும் ஒரு 'டிக்கெட்'டாகப் பதிந்து பின்தொடரும் ஜிராவில் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒருவர் அமர்ந்து, ஒன்றில் இருப்பதை எடுத்து மற்றதில் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் விடுப்பு எடுத்த ஒரு வாரத்தில்தான், இந்த வேலையைத் தானாகச் செய்யும் இணைப்பு மென்பொருள் வாங்கும் பேச்சு எங்களிடம் எழுந்தது.

விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் நாங்கள் முடிவு செய்திருக்க வேண்டிய ஒன்றை மிகவும் தாமதமாகத்தான் முடிவு செய்தோம்: 'முடிந்தது' என்று சொல்லும் உரிமை யாருக்கு? ஜிராவில் ஒரு டிக்கெட் முடிந்தது என்றால், திருத்திய நிரல் சோதனையைக் கடந்துவிட்டது என்று பொருள். சிஆர்எம்மில் ஒரு குறை முடிந்தது என்றால், விவசாயியின் கிணற்று மோட்டார் ஓடுகிறது என்று பொருள். இந்த இரண்டு நிலைகளையும் நேருக்கு நேர் பொருத்தி வைத்தால், நிரல் திருத்தப்பட்ட அன்றே டீலருக்கு 'உங்கள் குறை தீர்ந்தது' என்று மின்னஞ்சல் போய்விடும். தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பழைய மென்பொருளுடனேயே இருக்கும். எனவே ஜிராவின் முடிவு சிஆர்எம்மில் 'திருத்தம் தயார்' என்ற தனி நிலையாக மட்டுமே வர வேண்டும், குறையை மூடுவது சர்வீஸ் பிரிவின் கையில் இருக்க வேண்டும் என்று வகுத்துக்கொண்டோம். இந்த ஒரு விதியே பாதி மென்பொருள்களைத் தேவையற்றவையாக்கியது. எல்லாப் புலங்களையும், அதாவது ஒவ்வொரு தகவல் பெட்டியையும், இருபக்கமும் ஒன்றாக வைத்திருக்கும் முழு ஒத்திசைவு எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. குறை ஒரு பக்கம் போக வேண்டும், நிலையும் கருத்தும் மறுபக்கம் வர வேண்டும், அவ்வளவுதான்.

இதை உணராமல் முதலில் ஒரு இருவழி இணைப்பை வைத்துப் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். எந்த மென்பொருள் என்பது முக்கியமில்லை, தவறு எங்களுடையது. சிஆர்எம்மில் எழுதிய கருத்து ஜிராவுக்குப் போனது. ஜிராவில் புதிய கருத்து வந்திருக்கிறதே என்று அது திரும்பவும் சிஆர்எம்முக்கு வந்தது. அங்கிருந்து மறுபடி ஜிராவுக்குப் போனது. ஒவ்வொரு சுற்றிலும் டீலருக்கு ஒரு மின்னஞ்சல் போய்க்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்குக் கோபியிலிருந்து டீலர் அழைத்து, "ஏனுங்க, ஒரே மெயில எத்தன தடவைங்க அனுப்புவீங்க?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. இணைப்புக்கென்று இரு பக்கமும் தனிக் கணக்கு ஒன்றை வைத்து, அந்தக் கணக்கு எழுதியதை மட்டும் பொருட்படுத்தாதே என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இனி நாங்கள் பார்த்த ஐந்து மென்பொருள்களுக்கு வருவோம்: ஜாப்பியர், மேக் (Make), என்8என் (n8n), ஜோஹோ ஃப்ளோ, எக்ஸலேட். இவற்றை ஒப்பிட வசதிகளின் பட்டியல் உதவாது, ஏனெனில் எல்லாவற்றிலும் ஜிராவோடு பேச வழி இருக்கிறது. அவை கட்டணத்துக்காக எதை எண்ணுகின்றன என்பதில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது. ஜாப்பியர் வெற்றிகரமாக முடிந்த ஒவ்வொரு செயலையும் ஒரு பணியாக எண்ணுகிறது. வேலையைத் தொடங்கிவைக்கும் நிகழ்வை எண்ணுவதில்லை. முன்பு இன்டெக்ரோமேட் என்ற பெயரில் இருந்து 2022இல் பெயர் மாறிய மேக், தொடக்க நிகழ்வு உட்பட ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணுகிறது. என்8என் தன் சொந்தச் சர்வர்களில் நடத்தும் மேகச் சேவையோ, நடுவில் எத்தனை கட்டங்கள் இருந்தாலும் முழு ஓட்டத்தையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் புரியும். மாதம் 600 குறைகள், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 4 கருத்துகள், 3 நிலை மாற்றங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜாப்பியரில் டிக்கெட் உருவாக்க 1, அதன் எண்ணைச் சிஆர்எம்மில் எழுத 1, கருத்துக்கும் நிலைக்கும் 7 என ஒரு குறைக்கு 9 பணிகள், மாதத்துக்கு 5,400. அதே வேலைக்கு மேக் 17 என்று எண்ணும், மாதத்துக்கு 10,200. என்8என்னில் 8 ஓட்டங்கள், மாதத்துக்கு 4,800. டிக்கெட் எண்ணைச் சிஆர்எம்மிலும், சிஆர்எம் எண்ணை ஜிராவிலும் தனிப் புலத்தில் சேமித்து வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். அப்படிச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் 'இது எந்த டிக்கெட்?' என்று தேடவிட்டால், ஜாப்பியரில் தேடலும் ஒரு பணியாகி 5,400 என்பது 9,600 ஆகிவிடும். ஒரே குறைக்கு இரண்டு டிக்கெட்டுகள் உருவாகும் தொல்லையும் கூடவே வரும்.

மேக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கச் சொன்னால், ஒன்றும் வராவிட்டாலும் அந்தப் பார்வை எண்ணப்படும். 30 நாள் மாதத்தில் சும்மா பார்த்ததற்கே 43,200 ஆகிவிடும். நிகழ்வு நடந்தவுடன் தகவல் அனுப்பும் வெப்ஹூக்கைப் பயன்படுத்தினால் இந்தச் செலவு இல்லை. கட்டம் கட்டமாக வரைந்து, தரவு எங்கே உடைகிறது என்று கண்ணால் பார்க்க மேக்கின் திரை மற்றவற்றைவிடத் தெளிவானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜோஹோ ஃப்ளோவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. சிஆர்எம் ஜோஹோவாக இருந்து, வேலை ஒருவழிப் போக்காக இருந்து, மென்பொருள் தெரிந்த ஆள் நிறுவனத்தில் இல்லாவிட்டால், வேறெதையும் பார்க்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம். தேவைப்படும் இடத்தில் ஜோஹோவின் டெலூஜ் நிரல் மொழியில் நாலு வரி எழுதிச் சேர்த்துக்கொள்ள முடிகிறது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவருக்கு நான் இதைத்தான் பரிந்துரைத்தேன்.

எக்ஸலேட் வேறு இனம். அது இரு பக்கமும் தனித்தனியே அமர்ந்து, எது வெளியே போகலாம், எது உள்ளே வரலாம் என்பதை அந்தந்தப் பக்கமே க்ரூவி என்ற நிரல் மொழியில் எழுதிய விதிகளால் தீர்மானிக்க விடுகிறது. சரவணம்பட்டியில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம், தன் ஜிராவை அவர்களுடைய சேல்ஸ்ஃபோர்ஸ் சிஆர்எம்முடனோ, சர்வீஸ்நௌ என்ற சேவைக் கோரிக்கை மென்பொருளுடனோ இணைக்க வேண்டியிருந்தால், இருவரில் யாரும் மற்றவருக்குத் தங்கள் அமைப்பின் சாவியைக் கொடுக்கத் தேவையில்லாத இந்த முறைக்குப் பணம் கொடுக்கலாம். ஒரே கூரையின்கீழ் இரு பிரிவுகளை இணைக்க அது மிகை. 2018இல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கிய, பெரிய நிறுவனங்களுக்கான இணைப்பு மென்பொருளான மியூல்சாஃப்ட்டும் அதே காரணத்தால் எங்கள் பேச்சில் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

மிஞ்சியது என்8என்னைச் சொந்தச் சர்வரில் நிறுவிக்கொள்ளும் வழி. 2019இல் பெர்லினில் தொடங்கிய இதன் இலவசச் சமூகப் பதிப்பை நம் சர்வரில் வைத்தால் ஓட்டங்களுக்கு வரம்பு கிடையாது. டீலர்களின் தொலைபேசி எண்களும் விவசாயிகளின் தோட்ட முகவரிகளும் மூன்றாவது நிறுவனத்தின் கையில் போகாது என்பது, 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. இதன் உரிமம் நிறுவனத்தின் உள்வேலைக்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது. இதையே வாடகைச் சேவையாக நடத்தி அடுத்தவருக்கு விற்க இடம் கொடுப்பதில்லை. மென்பொருள் சேவை செய்பவர்கள் உரிமத்தின் அந்த விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஆனால் 'இலவசம்' என்ற சொல்லை நம்பி இறங்கக் கூடாது. வெப்ஹூக் வந்து சேரப் பாதுகாப்புச் சான்றிதழுடன் கூடிய பொது இணைய முகவரி வேண்டும். தரவுத்தளத்துக்குத் தினமும் காப்புப் பிரதி வேண்டும். கடவுச்சொற்களைப் பூட்டி வைத்திருக்கும் மறையாக்கச் சாவியைத் தனியே பத்திரப்படுத்த வேண்டும். அந்தச் சாவி தொலைந்தால் காப்புப் பிரதி இருந்தும் ஒவ்வொரு கணக்கையும் மீண்டும் இணைத்தாக வேண்டும். இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இருவராவது இருக்க வேண்டும். ஒருவர் என்றால், அவர் வேறு வேலைக்குப் போகும் நாளில் பழையபடி எடுத்து ஒட்டும் வேலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

எந்த மென்பொருளை எடுத்தாலும் தமிழில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிராவில் டிக்கெட்டின் தலைப்பு 255 குறியீடுகளுக்கு மேல் போகக் கூடாது, வரி முறிந்தும் இருக்கக் கூடாது. 'ஸ்டார்ட்டர்' என்ற சொல் நம் கண்ணுக்கு 6 எழுத்து. புள்ளியும் காலும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணினிக்கு 11 குறியீடு. உடுமலை டீலர் வாட்ஸப்பில் எழுதிய நான்கு வரியை அப்படியே தலைப்பில் ஒட்டியதால், சோதனை வாரத்தில் எங்களுக்கு டிக்கெட்டுகள் உருவாகாமலே போயின. சிஆர்எம்மில் பார்த்தால் எல்லாம் அனுப்பியதாகவே இருந்தது. முதல் 100 குறியீடுகளையும் டீலரின் ஊரையும் தலைப்பில் வைத்து, முழுச் செய்தியையும் விளக்கப் பகுதிக்குத் தள்ளிய பிறகு அது நின்றது. இப்படி ஒரு வெட்டும் வேலையைச் செய்வது ஐந்திலுமே முடியும். அது தவறும்போது உடனே நம்மிடம் சொல்லும்படி அமைப்பதற்கு என்8என்னிலும் மேக்கிலும் தாராளமான இடம் இருக்கிறது.

எங்களிடம் மென்பொருள் குழு இருந்ததால் சொந்தச் சர்வரில் என்8என் என்று முடிவு செய்தோம். டீலர்கள் அனுப்பும் குரல் பதிவுகளை மட்டும் இன்னமும் ஒருவர் கேட்டுத்தான் சிஆர்எம்மில் தட்டச்சு செய்கிறார்.