திரும்பி வந்த லிம்போமா: ஸ்டெம்செல் மாற்றமா, கார்-டி செல்லா?

சித்தப்பாவுக்கு வந்தது லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், அதில் வேகமாக வளரும் டிஎல்பிசிஎல் வகை. கீமோ முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கழுத்தில் கட்டி மறுபடி வந்துவிட்டது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். ரத்தத்தை உருவாக்கும் அவருடைய ஸ்டெம்செல்லையே முன்கூட்டி எடுத்துவைத்து, கடுமையான கீமோ கொடுத்தபின் திரும்ப ஏற்றுவது ஒன்று. நோயை எதிர்க்கும் அவருடைய டி செல்களை எடுத்து, இந்தப் புற்றுசெல்களின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தைத் தேடி அடிக்கும்படி லேபில் மரபணுவை மாற்றி ஏற்றும் கார்-டி இன்னொன்று. நாங்கள் போனது கார்-டி பக்கம்.

செலவில் போட்டியே இல்லை, ஸ்டெம்செல்தான் மலிவு. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி 2023-இல் அனுமதி வாங்கிய நெக்ஸ்கார்19 என்ற இந்தியக் கார்-டி வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்குதான் என்றாலும் 30, 40 லட்சம் ஆகிறது.

ஆனால் யோசிக்க வேண்டியது வேறு: ஸ்டெம்செல் மாற்றம் வரைக்கும் போய்ச் சேருவோமா? அதற்கு முதலில் இரண்டாவது கீமோவில் கட்டி கரையணும், கரையவில்லை என்றால் மாற்றமே கிடையாது, அதுவும் ஒரு வருஷத்துக்குள் திரும்புகிற லிம்போமா பெரும்பாலும் கீமோவுக்கு மசிவதில்லை. இதே நிலையில் இருந்த 359 பேரை வைத்து நடந்த ஜூமா-7 ஆய்வில் ஸ்டெம்செல் பக்கம் இருந்தவர்களில் 36 சதவீதம் பேர்தான் மாற்றம் வரை போனார்கள். கார்-டி பக்கம் 94 சதவீதம் பேருக்குச் செல் ஏறியது. நாலு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கார்-டியில் சுமார் 55 சதவீதம், மற்றதில் 46. வித்தியாசம் கொஞ்சம்தானே என்றால், கீமோ கேட்காத பலர் பிறகு கார்-டிக்கே வந்தார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கார்-டியிலும் காத்திருப்பு உண்டு. கிம்ரியா என்ற வெளிநாட்டுக் கார்-டியை வைத்து நடந்த பெலிண்டா ஆய்வில் செல் ஏறவே 50 நாளுக்கு மேல் ஆனது, அதில் கார்-டி ஜெயிக்கவில்லை. அதனால் தயாரான செல் பை எத்தனை நாளில் வரும் என்று முதலிலேயே கேளுங்கள்.

ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்தது, மருந்தில் அடங்கியது. தினமும் நர்ஸ் வந்து ஒரு வரி எழுதச் சொல்வார், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார். கையெழுத்து கோணினால் கார்-டியின் பக்கவிளைவு மூளையைத் தொட்டுவிட்டதோ என்று பார்ப்பார்களாம். சித்தப்பா தினமும் தன் பேரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தார்.

ஒன்று சொல்லணும். ஜூமா-7-இல் போட்டது எஸ்கார்டா என்ற வெளிநாட்டுக் கார்-டி. நெக்ஸ்கார்19-இன் இந்திய ஆய்வில் 73 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது, ஆனால் அது ஸ்டெம்செல்லோடு நேருக்கு நேர் மோதிய ஆய்வு இல்லை. சித்தப்பாவின் முதல் ஸ்கேன் சுத்தம். அதை வைத்து நான் அடித்துப் பேச முடியாது. உங்களுக்கு நோய் ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத் திரும்பி, கீமோவும் கேட்கிறது என்றால் ஸ்டெம்செல் மாற்றம் பற்றியே முதலில் பேசுங்கள், 40 லட்சத்துக்கு அலைய வேண்டாம்.