பழைய கேம் பாய்க்குப் புதிய திரையும் இரண்டு வெற்றுக் கார்ட்ரிட்ஜ்களும்

நின்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவியான முதல் கேம் பாயின் திரையில் நான்கு சாயல்கள் மட்டுமே இருந்தன, பின்னொளி கிடையாது. நின்டெண்டோவின் பொறியாளர் குன்பே யோகோயின் குழு தெரிந்தேதான் அதை அப்படி வடிவமைத்தது. வண்ணத் திரையும் பின்னொளியுமாக அடுத்த ஆண்டு வந்த சேகாவின் கேம் கியர் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டதைப் பார்த்தால், அந்த முடிவு எவ்வளவு சரியானது என்பது விளங்கும். ஆனாலும் பொழுது சாய்ந்த பிறகு கருவியை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பிடித்து விளையாடியவர்கள் அந்தத் திரையின் குறையையும் அறிவார்கள். அந்தக் குறையை நீக்குவதற்காக விற்கப்படும் ஐபிஎஸ் எனும் பின்னொளியுள்ள எல்சிடி வகைத் திரைத் தொகுப்பு ஒன்றையும், நாமே விளையாட்டுகளைப் பதிவேற்றிக் கருவியில் செருகிக்கொள்ளக்கூடிய வெற்றுக் கார்ட்ரிட்ஜ் இரண்டையும் வாங்கி மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

இத்தகைய பொருள்களை நான் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: அது கருவிக்குத் தீங்கு செய்யாமல் இருக்க வேண்டும், வேண்டாம் என்று தோன்றினால் கருவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும். ஷார்ப் நிறுவனம் தயாரித்த அந்த 4.19 மெகாஹெர்ட்ஸ் செயலி போனால், இன்னொரு கேம் பாயை உடைத்துத்தான் மாற்று எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்த எச்சரிக்கை மிகையானது என்று நான் நினைக்கவில்லை.

என்னிடம் இருந்த சாம்பல் நிறக் கேம் பாயின் திரையில் செங்குத்துக் கோடுகள் சில மறைந்துபோயிருந்தன. திரையின் அடிப்பகுதியை போர்டுடன் இணைக்கும் மெல்லிய பட்டையின் ஒட்டு ஆண்டுகள் செல்லச் செல்ல விட்டுப்போவதே இதற்குக் காரணம். சால்டரிங் அயர்னை மிதமான சூட்டில் வைத்து அந்தப் பட்டையின் மேல் மெதுவாக நகர்த்தினால் கோடுகள் பெரும்பாலும் திரும்பிவிடும். எனக்கும் திரும்பின. திரையே பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதிய திரை வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். என் கருவியில் ஒரு மாதத்துக்குள் கோடுகள் மறுபடியும் மறையத் தொடங்கிய பிறகே நான் திரையை மாற்ற முடிவு செய்தேன்.

இந்தத் தொகுப்பைப் பொருத்த வேண்டுமானால் கருவியின் முன்பக்க ஓட்டின் உட்புறத்தில் உள்ள பிளாஸ்டிக் முனைகள் சிலவற்றை வெட்டியாக வேண்டும். அசல் ஓட்டில் கத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே வெட்டித் தரப்படும் புதிய ஓடு ஒன்றைத் தனியாக வாங்கி, அசல் ஓட்டையும் பழைய திரையையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன். செலவு சற்றுக் கூடினாலும் எல்லோருக்கும் இந்த வழியையே பரிந்துரைப்பேன். மூன்று கிளைகள் கொண்ட ஒய் வடிவத் திருகுகளைக் கழற்றுவதற்குரிய ஸ்க்ரூடிரைவரை முன்பே வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது. தட்டை முனையால் முயன்றால் திருகின் தலை தேய்ந்துவிடும்.

திரை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. கேம் பாயின் படம் அகலத்தில் 160 பிக்சலும் உயரத்தில் 144 பிக்சலும் கொண்டது. இந்தத் தொகுப்பு அதைச் சரியாக நான்கு மடங்காக, அதாவது 640க்கு 576 என்ற அளவில் விரித்துக் காட்டுகிறது. மடங்கு முழு எண்ணாக இருப்பதால் ஒவ்வொரு பழைய பிக்சலும் ஒரே அளவான சதுரமாகத் தெரிகிறது. எழுத்துகளில் ஒரு கோடு தடித்தும் மற்றொன்று மெலிந்தும் தோன்றும் கோளாறு இதில் இல்லை. விற்பனைப் பக்கங்களில் பலரும் வெளிச்சத்தையும் வண்ணத் தேர்வுகளையும் முன்னிறுத்தினாலும், வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த மடங்குக் கணக்கைத்தான். வண்ணங்களைப் பொறுத்தவரை, பழைய பச்சைச் சாயலை ஒத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் நான் வேறெதையும் மாற்றவில்லை.

குறைகள் மூன்று உண்டு. பழைய திரை மெதுவாக மாறும் இயல்புடையது. ஒரு பிரேமின், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றின், சுவடு அடுத்த பிரேமிலும் சற்று நிற்கும். அக்காலத்தில் விளையாட்டுகளை எழுதியவர்கள் இந்த மந்தத்தையே ஒரு கருவியாகப் பயன்படுத்தி, ஓர் உருவத்தை ஒரு பிரேம் விட்டு ஒரு பிரேம் காட்டி, அரைகுறையாக ஊடுருவித் தெரியும் நிழலைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்கள். வேகமாக மாறும் புதிய திரையில் அந்த நிழல் வெறும் துடிப்பாகவே தெரிகிறது. அத்தகைய காட்சிகளில் பழைய திரையே மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன். இரண்டாவது குறை ஒலியைச் சேர்ந்தது: பின்னொளியைக் கூட்டினால் ஹெட்போனில் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கிறது. ஸ்பீக்கரில் விளையாடுபவர்களுக்கு இது பொருட்டாக இருக்காது. ஆனால் ஜோஹான் கோட்லின்ஸ்கி உருவாக்கிய எல்எஸ்டிஜே போன்ற மென்பொருளால் கேம் பாயிலேயே இசை அமைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தத் தொகுப்பை இப்படியே பொருத்திக்கொள்ளக் கூடாது. மூன்றாவதாக, பேட்டரியும் முன்பைவிட விரைவாகத் தீர்கிறது.

கார்ட்ரிட்ஜ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோம்ப்ரூ என்று அழைக்கப்படும் விளையாட்டுகளை, நின்டெண்டோவின் உரிமம் இல்லாமல், தனிநபர்களும் சிறு குழுக்களும் தங்கள் சொந்த ஆர்வத்தால் உருவாக்குகிறார்கள். சி நிரல்மொழியில் எழுத ஜிபிடிகே என்ற கருவித்தொகுப்பு இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு, 2019இல் கிறிஸ் மால்ட்பி இலவசமாக வெளியிட்ட ஜிபி ஸ்டுடியோ இருக்கிறது. நான் முதலில் பதிவேற்றியது, 2017இல் டாங்ராம் கேம்ஸ் வெளியிட்ட டோபு டோபு கேர்ள் என்ற விளையாட்டு. பூனையைத் தேடி மேலே மேலே தாவிச் செல்லும் ஒரு சிறுமியின் கதை அது. மூல நிரலோடு இலவசமாகவே கிடைக்கிறது. 1989ஆம் ஆண்டின் கருவிக்காக இவ்வளவு துல்லியமான தாவலை இந்தக் காலத்தில் ஒருவர் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது.

நான் வாங்கிய முதல் கார்ட்ரிட்ஜ் விலை மிகக் குறைந்தது. பதிவேற்றம் எளிதாக முடிந்தது, விளையாட்டும் ஓடியது. ஆனால் கார்ட்ரிட்ஜின் மேலோட்டைத் திறந்து பார்த்தபோது, விளையாட்டைச் சேமித்து வைக்கும் அதன் ஃபிளாஷ் சிப்பின் எண் 29எல்வி என்று தொடங்குவதைக் கண்டேன். 29எல்வி வரிசைச் சிப்கள் ஏறத்தாழ 3 வோல்ட்டுக்கு உரியவை. கேம் பாயின் இணைப்புகளோ 5 வோல்ட்டில் இயங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சிப் இருந்தால் குற்றமில்லை. இந்தக் கார்ட்ரிட்ஜில் அப்படி எதுவும் இல்லை. சிப்பின் கால்கள் நேராகக் கருவியின் இணைப்புகளோடு சேர்க்கப்பட்டிருந்தன. அது ஓடுகிறது என்பதாலேயே பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. தாங்கும் அளவை மீறிய அழுத்தம் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சிப்பின் மேல் விழுகிறது, அதோடு இணைந்திருக்கும் பழைய செயலியையும் அந்தச் சுமைக்கு உள்ளாக்க நான் விரும்பவில்லை. விற்பனைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததும், கேட்டு எழுதியதற்குப் பதில் வராததும் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தன. அதை அன்றோடு எடுத்து வைத்துவிட்டேன்.

இரண்டாவது கார்ட்ரிட்ஜின் விலை ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் அதில் இருப்பது 5 வோல்ட்டிலேயே இயங்கும் 29எஃப் வரிசைச் சிப். விளையாட்டில் எட்டிய இடத்தைச் சேமிப்பதற்கு, வட்டப் பேட்டரியை நம்பியிருக்கும் பழைய முறைக்குப் பதிலாக, மின்சாரம் இல்லாமலே நினைவைத் தக்கவைக்கும் எஃப்ரேம் என்ற சிப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்து சேமிப்பெல்லாம் அழிந்துபோன பழைய கார்ட்ரிட்ஜ்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். கருவியை இயக்கியதும் மேலிருந்து இறங்கிவரும் நின்டெண்டோ பெயரும் இதில் ஒவ்வொரு முறையும் பிசகில்லாமல் வருகிறது. கார்ட்ரிட்ஜில் உள்ள 48 பைட் அளவான அந்தப் பெயர்ப் படத்தைக் கருவி தன்னிடம் உள்ள படியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விளையாட்டைத் தொடங்கும் என்பதால், இணைப்பு முனைகள் சரியாகப் பதியவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். மூன்று மாதத்தில் ஒருமுறைகூட அது சிதைந்து வரவில்லை.

வெளிச்சமான இடத்தில் விளையாடுபவராகவும் உங்கள் பழைய திரை நலமாகவும் இருந்தால், திரைத் தொகுப்புக்குச் செலவிட நினைக்கும் பணத்தை நல்ல கார்ட்ரிட்ஜுக்குக் கொடுங்கள். வாங்குவதற்கு முன் போர்டின் படத்தை அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண் படிக்கும்படி தெளிவாக இருக்க வேண்டும். படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.