அழகை எங்கிருந்து பேசத் தொடங்குவது: அக்குவினாசும் பல்தசாரும்

அழகின் ஊற்று இறைவனே என்பதில் 13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தோமா அக்குவினாசுக்கும், 1961இல் தம் அழகியல் இறையியலின் முதல் தொகுதியை வெளியிட்ட சுவிஸ் நாட்டு ஹான்ஸ் ஊர்ஸ் ஃபான் பல்தசாருக்கும் கருத்து வேறுபாடில்லை. தொடங்கும் இடம்தான் வேறு.

அக்குவினாஸ் இருப்பிலிருந்து, அதாவது பொருள்கள் இருக்கின்றன என்பதிலிருந்து, தொடங்குகிறார். அழகும் நன்மையும் ஒரே பொருளில் உறைந்தாலும், நன்மை விருப்பத்தையும் அழகு அறியும் ஆற்றலையும் நோக்கியவை என்று பிரிக்கும் அவர், முழுமை, இசைவு, ஒளிர்வு என்னும் அழகின் மூன்று நிபந்தனைகளைக் கலையைப் பற்றிப் பேசுமிடத்தில் அல்லாமல், தந்தை, மகன், தூய ஆவி என ஒரே இறைவன் மூவராயிருக்கும் திரித்துவத்தில் மகனுக்கு உரியவற்றை ஆராயுமிடத்தில் முன்வைக்கிறார். (பிற்காலத்தவர் இவற்றைக் கலை விதிகளாகவே எடுத்துக்கொண்டது ஒரு விந்தை.) ஆனால், இருப்பவை அனைத்துக்கும் பொதுவான பண்புகளை உண்மை பற்றிய விவாதத்தில் அவர் வரிசைப்படுத்தும்போது அழகு அதில் இடம்பெறவில்லை.

பல்தசார் இறைவன் தம்மை வெளிப்படுத்துவதிலிருந்து தொடங்கி, அழகை முதலிலும் நன்மையையும் உண்மையையும் அதன் பின்னும் வைக்கிறார். சிலுவையில் உருக்குலைந்த இயேசுவிடமே இறைமாட்சி வடிவம் கொள்கிறது என்று அவர் சொல்லும்போது முழுமையும் இசைவும் கடும் சோதனைக்கு உள்ளாகின்றன. துன்பத்தை விலக்காத அழகு என்பதால் எனக்கு இவரே நெருக்கமானவர். எனினும் ஒரு மரத்தின் எளிய அழகை விளக்க அக்குவினாசின் கருவிகளே கைகொடுக்கின்றன.