குஞ்சா, வளர்ந்ததா: ஒரு 8×42 பைனாகுலரோடு ஓராண்டு

தோட்டத்துப் பறவை நமக்குத் தரும் அவகாசம் பெரும்பாலும் இரண்டு மூன்று நொடிகள்தான். அதற்குள் அது இளம்பறவையா, முதிர்ந்ததா என்று கண்டுகொள்ள இந்தப் பைனாகுலர் உதவுகிறதா என்பதையே ஓராண்டாகக் கவனித்து வந்தேன். 8 மடங்குப் பெருக்கமும் 42 மி.மீ. முன்வில்லையும் சேர்ந்து 5 மி.மீ.க்குச் சற்று அதிகமான ஒளிவட்டத்தைக் கண்ணுக்குத் தருவதால், புதரின் நிழலிலும் காட்சி தெளிவாகவே இருக்கிறது.

இதன் பலம் நுணுக்கங்களில்தான் தெரிகிறது. பெண் என்று நான் எண்ணிய சிட்டுக்குருவியின் வாயோரத்தில் வெளிர்மஞ்சள் மடிப்பு துலங்கியது; மறுகணமே அது இறக்கைகளை நடுங்கவிட்டு இரை கேட்டது. செம்மார்புக் குக்குறுவானின் நெற்றியில் சிவப்பு இன்னும் ஏறாததையும் இலைகளுக்கிடையே பார்க்க முடிந்தது. ஆனால் மஞ்சள் வயிற்றின் நடுவே கருங்கோடு ஓடும் ஊதாத் தேன்சிட்டு, இளம் ஆணா அல்லது இனப்பெருக்கக் காலம் முடிந்து மங்கிய இறகுக்கு மாறிய முதிர்ந்த ஆணா என்பதை நொடிப் பார்வையில் எந்தக் கண்ணாடியும் சொல்லிவிடாது. அது கருவியின் குற்றமும் அன்று.

குற்றம் குவியச் சக்கரத்தில் இருக்கிறது. அருகிலுள்ள செடியிலிருந்து தொலைவுக் கிளைக்கு மாற ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுத் திருக வேண்டியிருப்பதால், பாதி நேரம் எனக்குக் கிடைத்தது ஆடும் வெறுங்கிளைதான். கண்ணருகே உள்ள ரப்பர் வளையமும் ஆறே மாதத்தில் தளர்ந்துவிட்டது.